கிறித்து பிறப்புப் பாடல்களில் விடுபட்ட பகுதிகள்

ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டு நூல்களைப் பதிப்பிப்போர், படிதோறும் கூடியும் குறைந்தும் வரும் பகுதிகளைத் தவறாது குறித்துக் காட்டுவர். பலர் வாயிலும் வழங்கும் பாடல்களுக்கு அத்தகைய ஆய்வு அரிதாகவே நிகழ்கின்றது. மேனாட்டார் கிறித்து பிறப்பு விழாவிற் பாடும் பாடல்களுள் பெருவழக்குப் பெற்ற இரண்டினை எடுத்துக்கொண்டு, விடுபட்ட பகுதிகள் அவற்றின் பொருளை எவ்வாறு மாற்றின என்பதை ஈண்டு ஆராய்வாம்.

முதலாவது, ஆங்கிலத்தில் 'சைலன்ட் நைட்' என வழங்கும் ஜெர்மன் மொழிப் பாடல். சால்சுபர்க் பகுதியிலுள்ள மரியாப்ஃபார் என்னும் ஊரில் துணைக்குருவாக இருந்த யோசப் மோர் இதனை 1816ஆம் ஆண்டு இயற்றினார். 1818 டிசம்பர் 24ஆம் நாள், ஓபெர்ன்டார்ஃப் தேவாலயத்தில், பள்ளியாசிரியர் ஃபிரான்சு சேவர் குரூபர் அமைத்த மெட்டில், கித்தார் துணையுடன் இருவரும் அதனைப் பாடினர். மோரின் கையெழுத்துப் படி 1995இல் வெளிப்படும்வரை, பாட்டும் மெட்டும் 1818இல் ஒருங்கே தோன்றின என்றே பலர் கருதிவந்தனர்.

மூலப்பாடல் ஆறு செய்யுட்களையுடையது. 1859இல் ஜான் ஃபிரீமன் யங் ஆங்கிலத்தில் ஆக்கியவை மூன்றே. அவை மூலத்தின் முதலாம், ஆறாம், இரண்டாம் செய்யுட்களாம். வழக்கில் நிலைத்தனவும் இவையே. இடையில் விடுபட்டவற்றுள் நான்காம் செய்யுள், இயேசு உடன்பிறந்தானாய் உலகத்து மக்களினங்கள் அனைத்தையும் தழுவிக்கொண்டமையைக் கூறுகின்றது. நெப்போலியப் போர்கள் 1815இல்தான் முடிவுற்றன. அதற்கு அடுத்த ஆண்டிலேயே பாட்டு எழுந்தது என்பதை நோக்க, அச்செய்யுளின் வேட்கை நன்கு விளங்கும். அதனை நீக்கியபின் எஞ்சுவது தாயும் சேயும் துயிலும் இரவின் அமைதி. மக்களினங்களுக்கிடையே வேண்டப்பட்ட அமைதி மறைந்துவிடுகின்றது. 1914ஆம் ஆண்டு கிறித்து பிறப்பு விழாவின்போது, மேற்குப் போர்முனையில் பகைவராய் நின்ற ஜெர்மானியரும் ஆங்கிலேயரும் தாமே போர் நிறுத்திப் பாடியவற்றுள் இப்பாடலும் ஒன்று. விடுபட்ட செய்யுளின் கருத்தை அவர்கள் செயலாற் கூறினர் எனலாம்.

இரண்டாவது, இர்விங் பெர்லின் இயற்றிய 'ஒயிட் கிறிஸ்துமஸ்'. இதற்கு நம் தொகையறாவை ஒத்ததோர் முன்பகுதி உண்டு. வெயிலும் பசும்புல்லும் பனைமரங்களும் சூழ்ந்த பெவர்லி ஹில்சில் இருந்துகொண்டு, பனி பெய்யும் வடபுலத்தை ஒருவர் நினைந்து ஏங்குவதாக அஃது அமைந்துள்ளது. பிங் கிராஸ்பி 1942 மே 29ஆம் நாள் பதிவு செய்த இசைத்தட்டில் அப்பகுதி இல்லை. பின்னர்ப் பெர்லின் அச்சிட்ட இசையேட்டிலிருந்தும் அதனை நீக்கச் செய்தார். இடம் சுட்டும் சொற்கள் அகன்றமையால், செல்வவாழ்வில் இருக்கும் ஒருவரின் ஏக்கம், வீட்டைப் பிரிந்தார் எவர்க்கும் உரிய ஏக்கமாயிற்று. இரண்டாம் உலகப் போரில் அயல்நாடுகளில் இருந்த அமெரிக்கப் படைவீரர் இதனை வானொலியில் விரும்பிக் கேட்டதற்கு இதுவே காரணம் என்பது எம் கருத்து. பலமுறை படியெடுத்து மூலத்தட்டு தேய்ந்தமையால், 1947 மார்ச்சில் கிராஸ்பி மீண்டும் பாடினார். அப்போதும் முன்பகுதி சேர்க்கப்படவில்லை. இன்று பெரும்பாலும் கேட்கப்படுவது இவ்விரண்டாம் பதிவே.

பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிட அளவினது. ஆகவே பாடல்கள் குறுகின என்று கூறுதல் எளிது. ஆயின் யங்கின் சுருக்கம் இசைத்தட்டுக்கு முற்பட்டது. எனவே தட்டின் அளவொன்றையே காரணமாகக் கொள்ளுதல் பொருந்தாது. பாடுவோரும் மொழிபெயர்ப்போரும் தமக்கு வேண்டியதைத் தெரிந்துகொள்ளும் இயல்பே இதற்கு அடிப்படையாகும்.

அவ்வியல்பு எப்போதும் கேடு தருவதன்று. பெர்லின் பாடல் குறைந்ததனால் விரிந்தது. மோரின் பாடல் குறைந்ததனால் சுருங்கியது. முன்னதில் நீங்கியது சூழல். பின்னதில் நீங்கியது கருத்து. ஆதலின், பெருவழக்குப் பெற்ற வடிவமே சிறந்தது எனவோ, முதற்படியே சிறந்தது எனவோ பொதுவிதி வகுத்தல் கூடாது. ஒவ்வொரு பாடலிலும் நீங்கியது யாது, அதனால் விளைந்தது யாது என்று தனித்தனியே காண்டலே திறனாய்வாளர் கடனாகும்.