ஈயின் இறக்கையும் 40 என்ற எண்ணும்

போலராய்டு கண்ணாடியை மாட்டிவிட்டு, "எங்கே, ஈயோட இறக்கையைப் பிடி பார்க்கலாம்" என்பார்கள். குழந்தையின் விரல்கள் தாளைத் தொடாமல் அதற்கு மேலே வெறும் காற்றைக் கிள்ளும். டிட்மஸ் சோதனைப் புத்தகத்தின் ஈப் படத்தைப் போலக் குழந்தைகளை வசியம் செய்யும் கண் பரிசோதனை வேறில்லை. ஆனால் அந்த ஈ காட்டுவது சுமார் 3,000 ஆர்க் செகண்ட், மிகப் பருமனான ஆழம். கிள்ளிவிட்டால் ஆழ உணர்வு கொஞ்சமாவது இருக்கிறது என்று பொருள், அவ்வளவுதான்.

வம்பு அதே புத்தகத்தின் வட்டங்களில் இருக்கிறது. நான்கில் எது எழுந்து நிற்கிறது என்று கேட்டபடி 800இலிருந்து 40 ஆர்க் செகண்ட் வரை, அதாவது ஒரு பாகையின் 90இல் ஒரு பங்கு வரை, இறங்குவார்கள். தொடக்க வட்டங்களில், அச்சிட்ட படம் பக்கவாட்டில் விலகியிருப்பது ஒற்றைக் கண்ணுக்கே தெரியும். கெட்டிக்காரப் பிள்ளை ஆழமே காணாமல் "இதுதான் நகர்ந்திருக்கு" என்று சொல்லிவிடும். அதற்குக் கீழேயும் குருட்டாம்போக்கில் சொன்னால் நாலுக்கு ஒன்று பலிக்கும்.

இந்த ஓட்டையை அடைத்தவர் பெல் ஆய்வகத்தின் பேலா யூலெஸ். 1960இல் அவர் வெளியிட்ட புள்ளிப்படங்களில் ஒற்றைக் கண்ணுக்கு இரைச்சல்தான் தெரியும். இரு கண்ணும் கூடினால்தான் உருவம் எழும். டி.என்.ஓ., லாங் சோதனைகள் அந்த வழியில் வந்தவை. இவற்றிலும் குறை உண்டு. சிறிய மாறுகண் உள்ளவர்கள் ஈயைக் கிள்ளிவிட்டுப் புள்ளிப்படத்தில் தோற்பார்கள்; அவர்களுக்கு ஆழமே இல்லை என்று எழுதினால் தவறு. டி.என்.ஓ.வின் சிவப்பு–பச்சைக் கண்ணாடி இரு கண்களையும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிறுத்துகிறது. லாங் சோதனைக்குக் கண்ணாடியே வேண்டாம், கைக்குழந்தைக்கும் தோது. ஆனால் அதன் முதல் அட்டை 550க்குக் கீழே போவதில்லை.

என் தீர்ப்பு இது: ஈ பேச்சுக்கொடுக்க, புள்ளிப்படம் முடிவெடுக்க. வட்டங்களில் வந்த 40 தனியாக நிற்கக்கூடாது. சந்தேகம் வந்தால் புத்தகத்தைத் தலைகீழாகத் திருப்பினால் போதும். உண்மையில் ஆழம் காணும் பிள்ளை "உள்ளே போயிடுச்சு" என்னும். ஊகிக்கும் பிள்ளை பழைய பதிலையே சொல்லும். காசு செலவில்லாத இந்தச் சோதனையை அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. இவையெல்லாம் கைக்கெட்டும் தூரத்தில், பெரும்பாலும் 40 செ.மீ.யில், செய்பவை. எப்போதாவது கண் வெளிப்பக்கம் விலகும் குழந்தை அங்கே 40 வாங்கிவிடும். தெருமுனையில் வரும் பஸ்ஸைப் பார்க்கும்போதுதான் அந்தக் கண் விலகும். புத்தகத்துக்கு அது தெரியாது.