சமத்தின் மேல் விழும் கனம்: ஜாஸ்-ராக் இசைத்தட்டுகளில் தமிழ்த் தாளம்

தமிழ்நாட்டுக் கலைஞர்கள் வாசித்த ஜாஸ்-ராக் இசைத்தட்டுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ராகத்திலிருந்து தொடங்குகிறார்கள். கிட்டாரில் கமகம் எப்படி வந்தது, வயலின் எந்த ராகத்தைத் தொட்டது என்றே பேச்சு போகிறது. எனக்கு அது பாதி வழியில் நின்றுவிடுகிற பேச்சாகப் படுகிறது. அந்த இசைத்தட்டுகளுக்கு உயிர் கொடுத்தது தாளக் கணக்கு. அவற்றில் குறைந்துபோனது, அந்தக் கணக்கு ஊன்றி நிற்பதற்கான அடிக்கனம். கொங்கு நாட்டின் திருமுருகன்பூண்டியில் இருந்துகொண்டு இவற்றைக் கேட்கிறவனுக்கு இந்தக் குறை சற்று அதிகமாகவே உறைக்கும். சுற்று வட்டார நோம்பிகளில், அதாவது ஊர்த் திருவிழாக்களில், ஜமாப்பு, துடும்பு மேளங்கள் கேட்டு வளர்ந்த காதுக்கு, தாளம் என்பது கேட்பது மட்டுமில்லை. வயிற்றில் வந்து இடிப்பதும்கூட.

ஜாஸ்-ராக் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜாஸின் மனோதர்மத்தை மின்கிட்டாரோடும் ராக் இசையின் சத்தத்தோடும் சேர்த்த இசைத்தட்டுகளில் மைல்ஸ் டேவிஸின் ‘பிட்சஸ் ப்ரூ’ (1970) பெரும் திருப்பம். அதில் கிட்டார் வாசித்தவர் யார்க்‌ஷயரைச் சேர்ந்த ஜான் மெக்லாஃப்லின். மறு ஆண்டே அவர் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார். பில்லி காபமின் டிரம்ஸ் இடியாக இறங்க, ஐந்திலும் ஏழிலும் ஒன்பதிலும் நடை மாறும் இசை அது. ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ (1973) அதன் உச்சம். ஃபங்க் வேறு வழியில் வந்தது. ஜேம்ஸ் பிரவுனின் குழு சுற்றின் முதல் அடியில் மொத்த பலத்தையும் இறக்கியது; பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் ஒரே உடம்பாகி, திரும்பத் திரும்ப அதே சுற்றை வாசித்துக் கேட்கிறவரை ஆட வைத்தன. டேவிஸ் 1972இல் ‘ஆன் தி கார்னர்’ இசைத்தட்டில் அந்த ஃபங்க் சுற்றின் மேல் தபலாவையும் சிதாரையும் ஏற்றினார். ஆனால் அங்கே தபலா நிறம் சேர்க்கத்தான் வந்தது. இசையின் கட்டுமானத்தை அது தீர்மானிக்கவில்லை.

தீர்மானித்த குழு சக்தி.

மெக்லாஃப்லின் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்றார். வயலின் கலைஞர் எல். சங்கரும் அங்கே இருந்தார். தபலாவுக்கு ஜாகிர் உசேன் வந்தார். மிருதங்கத்துக்கு அங்கேயே கற்பித்துக்கொண்டிருந்த ராமநாதபுரம் வி. ராகவன், கடத்துக்கு சென்னையிலிருந்து டி.எச். விநாயக்ராம். 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது கடம் வாசித்தவர் இதே விநாயக்ராம். சக்தி மேடையேறியபோது சங்கருக்கு வயது 25, ஜாகிருக்கு 24. மெக்லாஃப்லினுக்கு 33, விநாயக்ராமுக்கு 32தான். பெரும்பாலும் இளைஞர்களின் குழு அது. முதல் இசைத்தட்டைக் கேட்கிற எவருக்கும் அந்த வயது காதில் விழும்.

‘சக்தி வித் ஜான் மெக்லாஃப்லின்’ என்ற அந்த இசைத்தட்டு 1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. 1976இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்டது. மொத்தம் மூன்றே உருப்படிகள். ‘ஜாய்’ 18 நிமிடம். ‘லோட்டஸ் ஃபீட்’ 5 நிமிடத்துக்கும் குறைவு. மூன்றாவது கிட்டத்தட்ட 29 நிமிடம். ‘ஜாய்’ தொடங்கியவுடன் கிட்டாரும் வயலினும் ஒரே சொற்கட்டை ஒரே மூச்சில், பிசிறில்லாமல் வாசித்துக்கொண்டு ஓடுகின்றன. பிறகு ஒருவர் கேட்க, மற்றவர் பதில் சொல்ல, கேள்வியின் நீளம் பாதியாகி, அதிலும் பாதியாகிக் கடைசியில் ஓரிரு சுரங்களில் வந்து முட்டுகிறது. தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரரும் கடக்காரரும் குறைத்துக் குறைத்துப் பேசிக்கொள்கிற அதே முறை. ஜாஸிலும் இருவர் மாறி மாறி நான்கு சுற்று வாசிக்கிற வழக்கம் உண்டு. ஆனால் அங்கே நீளம் மாறாது. இங்கே நீளமே சுருங்கச் சுருங்க வேகம் கூடுகிறது. கூட்டம் கத்துவதும் அந்த இடத்தில்தான்.

மெக்லாஃப்லின் இந்தக் குழுவில் மின்கிட்டாரைக் கீழே வைத்துவிட்டார். ஏப்ரகாம் வெக்டர் அவருக்காகச் செய்த மரக்கிட்டாரில் ஆறு தந்திகளுக்குக் குறுக்கே சுருதித் தந்திகள் ஓடின. மெட்டுகளுக்கு இடையே மரம் குழிவாகச் செதுக்கப்பட்டிருந்ததால், வீணையில் செய்வதுபோலத் தந்தியை இழுத்துக் கமகம் வரவழைக்க முடிந்தது. ராகம் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தக் கிட்டாரில் நின்றுவிடுகிறார்கள். நான் கடத்துக்குப் போக விரும்புகிறேன். டிரம்ஸ் இல்லை, பேஸ் கிட்டார் இல்லை. குழுவின் கீழ்ச்சத்தம் முழுவதையும் தபலா, மிருதங்கம் இவற்றின் இடது பக்கமும் கடத்தின் வாயும்தான் சுமக்க வேண்டும். விநாயக்ராம் கடத்தின் வாயை வயிற்றோடு அணைத்தும் விலக்கியும் ‘கும்’ என்ற ஓசையை ஏற்றி இறக்குகிறார். மானாமதுரை மண்ணில் வனைந்த கனமான கடமாக இருந்தாலும் அது ஒரு பானை. மகாவிஷ்ணுவில் காபம் மிதித்த பாஸ் டிரம்மின் இடத்தை அது நிரப்பிவிட முடியாது. நிரப்ப முடியாததால்தான் அந்த இசை அவ்வளவு இலேசாகப் பறந்தது என்று வாதிடலாம். அதில் உண்மையும் இருக்கிறது.

இரண்டாவது இசைத்தட்டு ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’. 1976 ஆகஸ்டில் லண்டன் டிரைடன்ட் ஸ்டுடியோவில் பதிவானது. ராகவன் இப்போது இல்லை, நால்வர் குழு. என் கணக்கில் சக்தியின் அப்போதைய மூன்று இசைத்தட்டுகளிலும் சிறந்தது இதுதான். முதல் உருப்படியான ‘லா டான்ஸ் டு போன்யர்’ கொன்னக்கோலோடு தொடங்குகிறது. வாயால் சொல்லும் சொற்கட்டு முதலில், கருவிகள் பிறகு. கிட்டாரும் வயலினும் வாசிக்கப்போகும் வடிவம் முன்கூட்டியே தாளச் சொல்லாகக் கேட்பவருக்குக் கிடைத்துவிடுகிறது. ஜாஸ்-ராக் உலகத்தில் இதற்கு முன் மெட்டுதான் தலைவாசல். இங்கே ஜதி தலைவாசலாகிவிட்டது. அதே இசைத்தட்டில் ‘இந்தியா’ ஆலாபனைபோல நிதானமாக விரிகிறது, ‘ஐசிஸ்’ பதினைந்து நிமிடம் ஓடுகிறது. ஆனாலும் திரும்பத் திரும்பக் கேட்கத் தோன்றுவது அந்தக் கொன்னக்கோல் வாசல்தான்.

மூன்றாவதான ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ (1977) ஜெனீவாவில் பதிவானது. முந்தைய இசைத்தட்டுகள் மகாவிஷ்ணுவின் விற்பனைக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. அதனாலோ என்னவோ, இதில் எட்டு சிறு உருப்படிகள், கூடுதல் தாளக்கருவிகள், ஆடத் தூண்டும் மெட்டுகள். ‘கெட் டவுன் அண்ட் ஸ்ருதி’ என்ற தலைப்பிலேயே ஃபங்க் வாசம். எனக்கு மிகவும் பிடித்த குழு, எனக்குச் சற்றுக் குறைவாகப் பிடித்த இசைத்தட்டு. காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஃபங்க்கில் சமம், அதாவது சுற்றின் முதல் அடிதான், வீடு. எல்லோரும் ஒவ்வொரு சுற்றிலும் அங்கே வந்து குதிக்க வேண்டும். கர்நாடக இசையில் பாட்டின் எடுப்பு பல நேரம் சமத்தைத் தாண்டி அரை இடத்திலோ ஒன்றரை இடத்திலோ விழுகிறது. கோர்வை பல ஆவர்த்தனங்கள் சுற்றியலைந்து, மூன்று முறை சொல்லி, கடைசியில் ஒரே ஒருமுறை சமத்திலோ எடுப்பிலோ வந்து இறங்குகிறது. ஒன்றில் சமம் ஒவ்வொரு சுற்றிலும் கிடைக்கிறது. மற்றதில் அது தள்ளிப்போடப்படுகிறது, அந்தத் தள்ளிப்போடலில்தான் சுகம். இரண்டையும் சேர்க்க வேண்டுமானால், அடியில் ஒரு கனமான கருவி சமத்தை விடாமல் பிடித்துக்கொண்டிருக்க, மேலே கோர்வை அலைய வேண்டும். சக்தியிடம் மேலே அலைகிற நால்வரும் உலகத்தரம். அடியில் பிடித்துக்கொள்ள ஆள் இல்லை. குழு கொஞ்ச நாளில் கலைந்தது.

அடியில் ஆள் தேடிப் போனவர்கள் வயலின் சகோதரர்கள், சங்கரும் அவருடைய அண்ணன்களும். தந்தை வி. லட்சுமிநாராயணா யாழ்ப்பாணத்தில் இசை கற்பித்தவர். 1958 கலவரத்துக்குப் பின் குடும்பம் சென்னைக்கு வந்தது. மூத்தவர் எல். வைத்தியநாதன், ‘ஏழாவது மனிதன்’ படத்துக்கு இசையமைத்தவர். நடுவிலவர் எல். சுப்பிரமணியம் சென்னையில் மருத்துவம் படித்துவிட்டு அமெரிக்கா போனார். இளையவர் சங்கர் 1978இல் ஃபிராங்க் ஜாப்பாவோடு மேடையேறினார். மறு ஆண்டு ஜாப்பா தயாரித்த ‘டச் மீ தேர்’ வெளிவந்தது. அதில் டிரம்ஸ் உண்டு, பேஸ் உண்டு, நக்கலான ராக் பாட்டும் உண்டு. ஆனால் சங்கரின் வயலின் அங்கே விருந்தாளிபோல் உட்கார்ந்திருக்கிறது. அவருடைய உண்மையான உயரம் ‘ஹூ இஸ் டு நோ’வில் தெரிகிறது, பத்துத் தந்தி இரட்டை வயலின், உமையாள்புரம் சிவராமனின் மிருதங்கம், ஜாகிரின் தபலா. ராக் முழுவதும் வெளியேறிய இசைத்தட்டு அது. சுப்பிரமணியம் ‘பிளாசம்’ (1981) இசைத்தட்டில் ஹெர்பி ஹான்காக்கைச் சேர்த்துக்கொண்டார். ஃபங்க்கின் பெரிய கை ஒன்று கூடவே இருந்தும் அங்கே மெருகு கூடியது, கனம் கூடவில்லை. நம் வயலின் மேலே பறப்பதையே விரும்பியது.

அந்த நேரத்தில் சென்னையில், இசைத்தட்டுக் கடைகளின் ஜாஸ் அடுக்குக்கு வெளியே, வேறொன்று நடந்துகொண்டிருந்தது. தமிழர்களில் பெரும்பாலோர் பேஸ் கிட்டார் என்பதைக் காதால் அறிந்தது இளையராஜா பாட்டுகளில்தான். ‘இளைய நிலா’வின் பேஸ் தனியாக ஒரு மெட்டு, குரலுக்கு அடியில் தன் பாட்டுக்கு நடந்துபோகும். அவிநாசி சாலையில் பனியன் கம்பெனிகளில் இரவு ஷிஃப்ட் ஓட ஓட ரேடியோவில் அந்த பேஸைக் கேட்டவர்கள், அதற்கு ஃபங்க் என்றோ ஜாஸ் என்றோ பெயர் வைக்கவில்லை. ஆனால் கால் தானாகத் தட்டியது. இளையராஜாவின் திரைக்கு வெளியேயான ‘ஹவ் டு நேம் இட்?’ (1986) தியாகராஜருக்கும் ஜே.எஸ். பாக்குக்கும் காணிக்கையானது. வி.எஸ். நரசிம்மனின் வயலின் அதில் பேருருவம் எடுக்கிறது. எனக்கு அது மகத்தான இசைத்தட்டு, ஆனால் தாளம் அதன் மையமல்ல. ஏ.ஆர். ரகுமான், டிரம்ஸ் சிவமணி, கிட்டாரிஸ்ட் ஜான் ஆண்டனி போன்றவர்கள் 1980களில் ‘ரூட்ஸ்’, ‘நெமிசிஸ் அவென்யூ’ என்று ராக் குழுக்களில் வாசித்தார்கள். அவர்கள் கற்ற ஃபங்க் அத்தனையும் பிற்பாடு சினிமாப் பாட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. கீத் பீட்டர்ஸின் பேஸ் அதற்குச் சாட்சி. தனி இசைத்தட்டாக அது நிலைக்கவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

பிறகு வந்தவற்றை வேகமாகக் கடக்கிறேன். 1997இல் மெக்லாஃப்லினும் ஜாகிரும் ‘ரிமெம்பர் சக்தி’ என்று மீண்டும் சேர்ந்தார்கள். யு. ஸ்ரீநிவாஸின் மின் மாண்டலினும், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷின் கஞ்சிராவும் பின்னர் வந்தன. ‘வெண்ணிலா கபடிக்குழு’வுக்கு இசையமைத்த அதே செல்வகணேஷ். கஞ்சிராவின் உடும்புத் தோலில் அவர் எழுப்பிய ஆழமான ஓசை, கடம் விட்ட இடத்தைக் கொஞ்சம் நிரப்பியது. சக்தியின் ‘திஸ் மொமென்ட்’ (2023) கிராமி பெற்றது. அதில் அனுபவம் நிறைய, இளமையின் அவசரம் குறைவு, குறையாகச் சொல்லவில்லை. சென்னை ஐஐடியில் படித்த கிட்டாரிஸ்ட் பிரசன்னா ‘எலக்ட்ரிக் கணேஷா லேண்ட்’ (2006) இசைத்தட்டில் ஜிமி ஹென்ட்ரிக்ஸை நம் தாளக்கருவிகளோடு அழைத்தார். பியானோ கலைஞர் விஜய் ஐயருடன் ‘தீர்த்தா’வில் (2011) வாசித்தது அதைவிட ஆழமானது. பெங்களூரின் அகம் குழு, ‘தி இன்னர் செல்ஃப் அவேக்கன்ஸ்’ (2012) மூலம் கிருதிகளை ராக் மேடைக்கு ஏற்றியது. அங்கே டிரம்ஸும் பேஸும் நிறையவே இருக்கின்றன. ஆனால் ஊற்று மறுபடியும் சபாவில்தான்.

இந்தக் கட்டுரையின் எல்லையை இங்கே கொஞ்சம் மீற வேண்டியிருக்கிறது. 2018 ஜனவரியில் சென்னையில் மேடையேறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் ஜாஸ் குழு அல்ல. கானாவும் பறையும் ராப்பும் ராக்கும் சேர்ந்த அரசியல் குழு. ஆனால் பேஸ் கிட்டாரும் டிரம்ஸும் பறையோடு சேர்ந்து சமத்தில் விழும்போது, சக்தி நாற்பது ஆண்டுக்கு முன் தேடிய அடிக்கனம் அங்கே இருக்கிறது. தோல் கருவி வந்த தெரு மாறியதால் வந்த கனம் அது. கடத்துக்கும் மிருதங்கத்துக்கும் கிடைத்த விமானச் சீட்டு பறைக்கு ஏன் இவ்வளவு தாமதமாகக் கிடைத்தது என்பது இசை மட்டும் பேசித் தீர்கிற கேள்வியல்ல.

கொங்கு நாட்டில் அந்தக் கனம் இன்னும் பதிவாகாமலே கிடக்கிறது.    சுற்று ஊர்களின் நோம்பிகளில் துடும்பும் ஜமாப்பும் பல கருவிகளாகச் சேர்ந்து ஒரே நடையில் இறங்கும்போது, பெரிய முரசு சுற்றின் தலையை விடாமல் பிடித்துக்கொள்ள, சிறு கருவிகள் அதைத் தாண்டித் தாண்டி விளையாடுகின்றன. ஃபங்க் கேட்கும் அமைப்பு அப்படியே இருக்கிறது. ஆறு அடி நடையில் ஆடுபவர் காலை மாற்றும் இடத்தில் ஒரு பேஸ் கிட்டார் நுழைந்தால் போதும். இதை ஒலிப்பதிவு செய்வது சிரமம்தான். அடைத்த அறையில் துடும்பு உருக்குலைந்து கேட்கும். திறந்த வெளியில், தூரத்தில் ஒரு மைக்கும் தோலருகே ஒரு மைக்கும் வைத்து எடுக்க வேண்டும். வெயிலிலும் தீயிலும் காட்டி இறுக்கும் தோலின் சுருதி கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடுவதால், கிட்டார்தான் தோலுக்கு ஏற்பச் சுருதி மாற்ற வேண்டும், தோல் கிட்டாருக்கு அல்ல. பேஸ் வாசிப்பவர் முதல் வாரம் கருவியைத் தொடாமல் ஆட்டக்காரர்களின் கால் பார்த்து நடையைப் பழக வேண்டும். முதல் உருப்படியை, சக்தி லண்டனில் செய்ததுபோல, வாயால் சொல்லும் ஜதியில் தொடங்கலாம். இந்த முறை கொங்குக் கலைஞர்கள் தங்கள் வாயால் சொல்லிக் கொடுக்கும் சொல்லில்.