‘போர் விளையாட்டு’: ஒரு மதிப்பீடு

போரின் கொடுமையைக் காட்டுதல் மட்டும் போரெதிர்ப்பாகுமா என்னும் வினாவை எழுப்புவது, பீற்றர் வொட்கின்ஸ் 1965 இல் பி. பி. சி. நிறுவனத்துக்காக ஆக்கிய ‘போர் விளையாட்டு’ என்னும் படம். இங்கிலாந்தின் கெண்ற் பகுதி அணுக்குண்டுத் தாக்குதலுக்கு உள்ளாயின் யாது நிகழும் என்பதே அதன் பொருள். நடித்தோருட் பெரும்பாலோர் பொதுமக்களே. எரிந்த உடல்களைக் காட்டிலும் நெஞ்சை நடுக்குவது, விளக்கவுரையின் உணர்ச்சியற்ற குரலும், கதிரியக்கம் பற்றி வினவப்பட்டோரின் அறியாமையுமாம்.

ஒளிபரப்புக்கு ஒவ்வாத கொடூரமெனக் கூறிப் பி. பி. சி. படத்தை நிறுத்தி வைத்தது. 1967 இல் ஒஸ்கார் பரிசு பெற்றபின்னும், 1985 வரை பிரித்தானியத் தொலைக்காட்சியில் அது இடம்பெறவில்லை. எனினும், அணுவாயுத ஒழிப்பு இயக்கத்தினர் ஊர் மண்டபங்களில் அதனைத் திரையிட்டுக் கலந்துரையாடினர்.

படத்துக்குக் குறையொன்றுண்டு. அழிவை விரித்துரைக்கும் அது, அதனைத் தடுக்க மக்கள் ஆற்றவேண்டியது யாதெனக் கூறவில்லை. அச்சம் மட்டும் எஞ்சின் மனம் சோரும். அக்குறையை நிறைத்தவர், காட்சி முடிந்தபின் மக்களைக் கலையவிடாது, ‘இனிச் செய்வது யாது?’ என்று சிந்திக்கவைத்த அவ்வூர்த் தொண்டரே. கலைஞன் விட்ட இடத்திலிருந்து குடிமகனின் கடமை தொடங்குகின்றது.