நஞ்சுக்கொடியும் நவீனத் தாயத்தும்

"இதற்கு என்ன பதில் எழுதுவது, தம்பி?" என்று கேட்டார், நம்மோடு பள்ளியில் பணியாற்றும் மூத்த ஆசிரியை ஒருவர். அவருடைய மகள் அமெரிக்காவில் இருக்கிறார், நிறைமாதம். அங்குள்ள தோழியர் சொன்னார்களாம்: பிள்ளை பிறந்ததும் நஞ்சுக்கொடியை எறிந்துவிடாதே, ஆவியில் வேகவைத்து, உலர்த்தி, பொடியாக்கி, கேப்சூலில் அடைத்துத் தருவார்கள், விழுங்கினால் சோர்வு நீங்கும், பால் பெருகும், குருதி ஊறும், மனத்துயர் அணுகாது என்று. கட்டணம் சில நூறு டாலர்! "படித்தவர்கள் சொல்கிறார்களே, பொய்யாகவா இருக்கும்?" என்றார் அம்மையார்.

படித்தவர் சொன்னால் மெய், பாமரர் சொன்னால் மடமை என்று நாம் தீர்ப்பளிப்பதில்லை. சான்று எங்கே என்றுதான் கேட்கிறோம், இருவரையும் கேட்கிறோம்.

நம் புதுக்கோட்டைச் சீமையைப் பாருங்கள். பசு ஈன்றதும் நஞ்சுக்கொடியை வைக்கோலில் பொதிந்து ஆலமரக் கிளையிலே தொங்கவிடுவர். ஆலமரத்திலே பால் வடிகிறதாம். ஆகவே பசுவுக்கும் பால் சுரக்குமாம்! குழந்தையின் காய்ந்த தொப்புள்கொடியைத் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டுவர். பேய் அண்டாது என்றனர் அன்று. இன்றோ அந்தத் தாயத்துக்குப் புதுச்சட்டை தைத்திருக்கிறார்கள்: ஸ்டெம் செல்லைச் சேமித்து வைத்த முன்னோர் அறிவியலாம்! ஸ்டெம் செல் என்பது உயிருள்ள அணு. அதனை நெடுநாள் காக்கத் திரவ நைட்ரஜனில், சுழிக்குக் கீழே ஏறத்தாழ 196 பாகைக் குளிரில் உறையவைக்கிறார்கள். வெள்ளிக் குழலுக்குள்ளே, நம் ஊர் வெயிலிலே, சருகாய்ப் போன கொடியில் உயிரணு எங்கே பிழைத்திருக்கும்?

இந்தத் தாயத்தின் உடன்பிறப்புத்தான் அந்தக் கேப்சூல். இது இடுப்பிலே தொங்குகிறது. அது வயிற்றுக்குள்ளே போகிறது. வேறுபாடு அவ்வளவே!

பழம்பெரும் வழக்கம் என்கிறார்கள். 2010ஆம் ஆண்டு யங், பெனிஷெக் என்னும் ஆய்வாளர் இருவர் 179 சமூகங்களைப் பற்றிய குறிப்புகளைத் துருவினர். புதைத்தவர் உண்டு, எரித்தவர் உண்டு. பெற்றவளே உண்பதை வழக்கமாகக் கொண்ட சமூகம் ஒன்றுகூட அகப்படவில்லை. சீனத்துப் பழைய மருத்துவத்தில் உலர்ந்த நஞ்சுக்கொடிக்கு இடமிருந்தது. 2015இல் வெளிவந்த அந்நாட்டு மருந்து நூற்பதிப்பில் அதுவும் இல்லை. விலங்குகள் தின்கின்றனவே என்பர். விலங்கு செய்வதெல்லாம் நமக்கு வழிகாட்டியாகுமா?

பயன் உண்டா என்பதும் சோதிக்கப்பட்டிருக்கிறது. லாஸ் வேகாஸ் நகரிலுள்ள நெவாடா பல்கலைக்கழகத்தார், பிள்ளை பெற்ற பெண்கள் 23 பேரில் சிலருக்கு நஞ்சுக்கொடிப் பொடியும், மற்றவர்க்கு மாட்டிறைச்சிப் பொடியும், இன்னதென்று சொல்லாமலே கேப்சூலில் கொடுத்தனர். இரும்புச்சத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. மனநிலையிலும் சோர்விலும் உறுதியான பயன் இல்லை என்று, 27 பேரிடம் நடத்திய மற்றோர் ஆய்வும் காட்டியது. சிறிய ஆய்வுகள்தாம், மறைக்கவில்லை. ஆனால், பயன் உண்டென்று காசு வாங்குவோரிடம் இந்தச் சிறிய சான்றுகூட இல்லையே!

பயனில்லாவிடினும் தீங்கில்லையே என்று அமைதியுறவும் வழியில்லை. 2016ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஓரிகான் மாநிலம். பிறந்தவுடனே நோயுற்றுத் தேறிய பச்சிளங்குழந்தை, மருத்துவமனையை விட்ட 5 நாளில் மீண்டும் நோயுற்றது. குருதியிலே குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமி. தாய் விழுங்கிவந்த கேப்சூலைச் சோதித்தால், அதிலும் அதே கிருமி! வீட்டார் வழியாகவும் தொற்றியிருக்கலாம் என்ற ஐயத்தை மருத்துவர்கள் ஒதுக்கவில்லை. ஆயினும் இக்கேப்சூலைத் தவிர்க்க வேண்டும் என்றே அந்நாட்டு நோய்த்தடுப்பு மையத்தின் இதழ் 2017இல் எழுதியது. குழந்தை பிழைத்தது.

இனி, நாம் சினம் கொள்ளவேண்டியது யார்மீது? விழுங்கிய தாயின்மீதா? அல்ல, தோழர்களே! அவளுடைய அச்சம் மெய்யானது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 100க்கு ஏறத்தாழ 53 பேருக்குக் குருதிச்சோகை. பேறுகாலத்துக்குப் பின் வரும் மனத்துயரும் மெய்யான நோய். மருத்துவம் தேவைப்படும் நோய். அவளை நாம் எப்படி நடத்துகிறோம்? பத்தியம் என்று பழத்தையும் கீரையையும் பறிக்கிறோம். தண்ணீரைக்கூட அளந்து ஊற்றுகிறோம். அழுதால், பிள்ளை பெற்றவள் அழலாமா என்று அதட்டுகிறோம்.

கேப்சூலின் கவர்ச்சி இங்கேதான் இருக்கிறது. தாயின் தளர்ச்சிக்குத் தாயின் உடலிலிருந்தே மருந்து! கணவன் நள்ளிரவில் எழவேண்டாம், மாமியார் பத்தியத்தைத் தளர்த்த வேண்டாம், எவரும் அவளருகே அமர்ந்து, "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்கவும் வேண்டாம். நம் கடமைகளையெல்லாம் ஒரு சிமிழில் அடைத்து அவள் வாயிலேயே போட்டுவிடலாம்! தாயத்தும் இதைத்தானே செய்தது? காவலைக் கயிற்றிடம் ஒப்படைத்துவிட்டு நாம் உறங்கினோம்.

1886இல் இதே புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி அம்மையார், ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரியில் நுழைந்து, 1912இல் மருத்துவரானார். அவர் பெயரால் நடக்கும் மகப்பேறு உதவித்திட்டம் 18,000 ரூபாய் அளவுக்குப் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறது. பெற்றபின் 180 நாள்களுக்கு இரும்புச்சத்து மாத்திரை அரசு மருத்துவமனையில் விலையின்றிக் கிடைக்கிறது. இவற்றில் மந்திரமில்லை, பயன் இருக்கிறது.

ஆசிரியைக்கு நாம் எழுதித்தந்த பதில் இது: "மகளே, கேப்சூல் வேண்டாம். மருத்துவர் தரும் மாத்திரையை உண். வயிறார உண். உன் கணவனிடம் சொல், இரவில் குழந்தையை அவனும் தூக்கட்டும். மனம் கனத்தால் மறைக்காதே, மருத்துவரிடம் சொல். நான் வருகிறேன்."

கடைசி இரு சொற்கள் நாம் எழுதியவை அல்ல. அம்மையாரே சேர்த்துக்கொண்டார்.