ரசிகமணியின் ஊரில் ஒரு விஸ்கி

போன வருஷம் சாரல் நேரத்தில் குற்றாலத்தில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். ஐந்தருவிச் சாலையில் ஒரு மாடி அறை. நான், பெங்களூரிலிருந்து வந்த நண்பன், தென்காசியில் இருக்கும் என் பெரியப்பா மகன். அண்ணனுக்குக் குடிப்பழக்கம் கிடையாது. எங்களோடு பேசிக்கொண்டிருக்கலாம் என்று ஃபிளாஸ்கில் சுக்குக் காபியோடு வந்திருந்தார். நண்பன் பையிலிருந்து எடுத்து வைத்தது அம்ருத் ஃப்யூஷன். அதுதான் வேண்டும் என்று சொல்லியனுப்பியது நான்.

நான் புத்தகங்களைப் பரிந்துரைக்கிற ஆள். அதே வாயால் விஸ்கியையும் பரிந்துரைக்கிறேன். இரண்டுக்கும் ஒரே சொற்களைத்தான் சொல்கிறேன் என்பது எனக்கே தாமதமாகத்தான் உறைத்தது. அடர்த்தி, ஆழம், சமநிலை, முடிந்த பிறகும் நிற்பது. இந்தக் கட்டுரை அந்தச் சொற்களைப் பற்றியது. அன்று ராத்திரி அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையில் அவை எனக்குக் கொஞ்சம் ஆட்டம் கண்டுவிட்டன.

*

குற்றாலத்தில் உட்கார்ந்து ரசனை பற்றிப் பேச்செடுத்தால் டி.கே.சி. வராமல் இருக்கமாட்டார். ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954). திருநெல்வேலி வண்ணாரப்பேட்டையில் அவர் வீட்டு வட்டத்தொட்டியில் நண்பர்கள் கூடிக் கவிதை பேசினார்கள். பிற்காலத்தில் குற்றாலத்து வீடே அந்தச் சபையாகிவிட்டது. ஒரே பாட்டை நிறுத்தி, திருப்பி, வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி, எதிரே இருப்பவர் முகத்தில் அது இறங்குகிறதா என்று பார்ப்பது அவர் முறை. நல்லதைத் தனியாக அனுபவித்தால் போதாது, பக்கத்தில் இருப்பவருக்கும் ஊட்டிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய விமர்சனம் மொத்தமும். இன்றைக்கு நாம் ஒரு நாவலையோ படத்தையோ 'கண்டிப்பா பாருங்க' என்று சொல்லும்போது, தெரிந்தோ தெரியாமலோ அவருடைய வாரிசுகளாகத்தான் பேசுகிறோம்.

ஆனால் அந்த வீட்டு விருந்தாளிகள் யார் என்று பாருங்கள். ஒருவர் ராஜாஜி. சென்னை மாகாணப் பிரதமராக 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தவர். அதனால் வரும் நஷ்டத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி போட்டவர். இன்னொருவர் கல்கி. திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் 'விமோசனம்' என்ற மதுவிலக்குப் பத்திரிகையில் ராஜாஜியோடு வேலை பார்த்தவர். தமிழ் ரசனையின் தலைநகரத்தில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் குடிக்கு எதிரான படையின் ஆட்கள். அந்த ஊரில் உட்கார்ந்து விஸ்கியைப் புகழ்வதில் கொஞ்சம் திருட்டுத்தனம் இருக்கத்தான் செய்கிறது.

இன்னும் பின்னால் போனால் கதை வேறு. புறநானூறு 392ஆம் பாட்டில் ஔவையார் தனக்குக் கிடைத்த நாள்பட்ட மதுவின் கடுப்பைத் தேள் கொட்டுக்கு ஒப்பிடுகிறார். புகார் இல்லை, பாராட்டு. நாள்பட்டது, கடுப்பானது. இன்றைய விஸ்கி விமர்சகர்கள் மார்க் போடும் இரண்டு குணங்களையும் அந்த அம்மா அன்றைக்கே சொல்லிவிட்டார். எனவே என் ரசனைக்கும் ஒரு பரம்பரை உண்டு என்று அன்று நண்பனிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

*

இனி பாட்டிலுக்கு வருவோம். அம்ருத் நிறுவனம் 1948இல் பெங்களூரில் தொடங்கியது. 2004இல் தன்னுடைய சிங்கிள் மால்ட்டை அது முதன்முதலாக விற்கக் கொண்டுபோன ஊர் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. திருநெல்வேலிக்காரனிடமே அல்வா விற்கப் போன மாதிரி. 2009இல் ஃப்யூஷன் வந்தது. ஜிம் மர்ரே என்ற ஆங்கிலேய விமர்சகர் தன்னுடைய 2010 'விஸ்கி பைபிளில்' அதற்கு 100க்கு 97 போட்டு, உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் நம் ஆட்களே அதைத் திரும்பிப் பார்த்தார்கள். இலக்கியத்திலும் இதுதானே நடக்கிறது.

அதில் என்ன விசேஷம்? இந்தியாவில் விஸ்கி என்ற பெயரில் விற்பதில் பெரும்பகுதி, கரும்பாலை மொலாசஸிலிருந்து எடுத்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. ஐரோப்பாவில் அதை விஸ்கி என்று பெயர் போட்டு விற்க முடியாது. சிங்கிள் மால்ட் என்றால் முளைகட்டிய பார்லியிலிருந்து, ஒரே ஆலையில் வடித்து, மரப் பீப்பாயில் பழுக்கவைத்தது. ஃப்யூஷனில் நம் நாட்டு பார்லியும், நிலக்கரிக்கு முந்தைய பருவத்து மக்கிய கரியான பீட்டின் புகையில் உலர்த்திய ஸ்காட்லாந்து பார்லியும் சேர்கின்றன. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். இருந்தாலும் அந்த வெயிலுக்குப் பீப்பாயிலிருந்து வருஷத்துக்குப் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஆவியாகிப் போய்விடுகிறது. ஸ்காட்லாந்தில் இது 2 சதவீதம் அளவுதான். ஆவியாவதை அங்கே 'தேவதைகளின் பங்கு' என்பார்கள். நம் ஊர் தேவதைகளுக்குத் தாகம் அதிகம். அதனால் இங்கே பத்துப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வழியில்லை. நாலைந்து வருஷத்துக்குள் மரம் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறது.

அடுத்தது, 'ஸ்ட்ராங்'. நம்மூரில் ஒரு சரக்கை ஸ்ட்ராங் என்றால் சீக்கிரம் தூக்கும் என்று அர்த்தம். கணக்குப் போட்டுப் பார்த்தால் இது தலைகீழ். கடையில் வாங்கும் சாதாரண விஸ்கியில் ஆல்கஹால் 42.8 சதவீதம். ஃப்யூஷனில் 50. பீப்பாயிலிருந்து தண்ணீர் கலக்காமல் அப்படியே அடைத்த 'காஸ்க் ஸ்ட்ரெங்த்' வகைகள் 60ஐத் தொடும். ஒரு குவார்ட்டரை, அதாவது 180 மில்லியைக் காலி செய்கிறவர் உள்ளே அனுப்புவது 77 மில்லி ஆல்கஹால். 50 சதவீத விஸ்கியை 30 மில்லி ஊற்றி ஒரு மணி நேரம் வைத்துக்கொண்டிருப்பவர் குடிப்பது 15 மில்லி. பாட்டில் கடுமையாக இருந்தால் குடிக்கிறவன் மெதுவாகத்தான் போயாக வேண்டும். மடக்கென்று ஊற்றினால் தேள் கொட்டிவிடும். கஷ்டமான கவிதை வாசகனை நிதானப்படுத்துகிற மாதிரி.

கடுமையான விஸ்கியின் இன்னொரு நன்மை, தண்ணீர் உங்கள் கையில் இருக்கிறது. ஆலைக்காரர் முன்கூட்டியே கலந்து தருவதில்லை. சொட்டுச் சொட்டாக நீங்களே விடலாம். ஸ்வீடனில் இரண்டு வேதியியலாளர்கள் 2017இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். புகைமணத்துக்குக் காரணமான குவாயகால் என்ற மூலக்கூறு, ஆல்கஹால் மிக அதிகமாக இருக்கும்போது உள்ளே அமுங்கிக் கிடக்கிறது, தண்ணீர் சேர்த்தால் மேற்பரப்புக்கு வருகிறது என்பது அவர்கள் கணினி வழியாகக் கண்டது. ஜிம் மர்ரே தண்ணீரே கூடாது, கிளாஸைக் கையால் சூடாக்கு என்கிற கட்சி. நான் தண்ணீர்க் கட்சி. அன்றைக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டதும், விறகு அணைந்த பிறகு அடுப்படியில் நிற்குமே, அந்த வாசம் எழும்பி வந்தது.

*

இந்த வாசங்களை எப்படிச் சொல்வது என்பதுதான் விமர்சகனின் வேலை. ஆங்கிலக் குறிப்புகளைப் படித்தால் ஹெதர் பூ, டாஃபி, கிறிஸ்துமஸ் கேக் என்று போகும். ஹெதர் பூவை நான் கண்ணால் பார்த்தது கிடையாது. இங்கே எழுதுகிற பலர் அதையே எடுத்துத் தமிழில் போட்டுவிடுகிறார்கள். மோந்து பார்க்காத பூவை எழுதுவது, படிக்காத ரஷ்ய நாவலைச் சிலாகிப்பதற்குச் சமம்.

அதனால் நம் சொல்லிலேயே சொல்லிப் பார்த்தேன். முதலில் கருப்பட்டிப் பாகு. பிறகு உலர்ந்த திராட்சை, ஆரஞ்சுத் தோல். அப்புறம் கிராம்பு. கிராம்பு என்பது வெறும் உவமை இல்லை. ஓக் மரப் பீப்பாய் விஸ்கிக்குத் தரும் யூஜினால் என்ற பொருள்தான் கிராம்பின் வாசத்துக்கும் காரணம். கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் குற்றாலத்தில் வாசனைப் பயிர்த் தோட்டம் போட்டதால், அருவிக்கரைக் கடைகளில் மங்குஸ்தானுக்குப் பக்கத்தில் இன்றும் கிராம்பு விற்கிறது. காலையில் வாங்கிய பொட்டலத்தைப் பிரித்து, ஒரு கிராம்பைக் கடித்து, ஒரு மடக்கு குடித்துப் பார்த்தேன். இரண்டும் கைகுலுக்கிக்கொண்டன. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரசிகமணி மாதிரி பக்கத்தில் இருந்தவரிடம் கிளாஸை நீட்டினேன்.

"குடிக்க வேண்டாம்ணே. மோந்து மட்டும் பாருங்க."

அண்ணன் வாங்கி மோந்தார். அவசரப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவது தடவையும் மோந்தார்.

"நல்லாத்தாம்ல இருக்கு. நீ சொன்ன மாதிரி கருப்பட்டி வருது, கிராம்பு வருது, பொகை வருது." கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார். "ஆனா அடியில அப்பா இருக்காவ."

நான் ஒன்றும் பேசவில்லை. நண்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"ராத்திரி கதவத் தொறந்துட்டு வருவாவள்ல. அந்த வாடை. இதுல கம்மி. ஆனா இருக்கு." சொல்லிவிட்டு ஃபிளாஸ்கைத் திறந்து சுக்குக் காபியை ஊற்றிக்கொண்டார். அவர் குரலில் கோபமே இல்லை.

பெரியப்பா குவார்ட்டர்காரர். கடை வாசலிலேயே பிளாஸ்டிக் தம்ளரில் ஊற்றி, வாட்டர் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பீய்ச்சி, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பாக இறக்கிவிட்டு முகத்தைச் சுளிப்பார். ருசி என்பது அவர் கடக்க வேண்டிய தடை. 52 வயதில் ஈரல் போய் இறந்தார். பெரியம்மா பீடி சுற்றித்தான் அண்ணனைப் படிக்கவைத்தார். தாளும் தூளும் மடியில் வைத்த அந்த முறத்தை நான் எத்தனையோ நாள் பார்த்திருக்கிறேன்.

*

சாராயம் வடிக்கிறவர்களுக்கு 'வெட்டு' என்ற ஒரு வேலை உண்டு. முதலில் வரும் தலையை ஒதுக்குவார்கள். கடைசியில் வரும் வாலையும் ஒதுக்குவார்கள். நடுவில் வரும் நெஞ்சைத்தான் பீப்பாய்க்கு அனுப்புவார்கள். டி.கே.சி. கம்பனுக்குச் செய்ததும் இதைத்தான். தனக்கு ருசிக்காத பாட்டுகளை இடைச்செருகல் என்று தள்ளினார், சொற்களைக்கூடத் திருத்தினார். நெஞ்சு மட்டும் போதும் என்றார். அதனால் கிடைத்த கம்பன் அழகானவன். அவரால் கம்பனிடம் வந்தவர்கள் ஏராளம். ஆனால் 'இதை நீக்க நீ யார்?' என்று புலவர்கள் கேட்ட கேள்விக்கு ரசனையிடம் கடைசிவரை சரியான பதில் இல்லை. 'எனக்குப் பிடிக்கவில்லை' என்பதைத் தாண்டி அது போக முடியவில்லை.

என் விஸ்கிக் குறிப்பும் அப்படித்தான் வெட்டப்பட்டிருந்தது. கருப்பட்டி, கிராம்பு, புகை எல்லாம் நெஞ்சு. பெரியப்பாவை வால் என்று ஒதுக்கியிருந்தேன். நான் குடிப்பது சிங்கிள் மால்ட், அவர் குடித்தது மொலாசஸ் சரக்கு, இரண்டும் வேறு வேறு என்று எனக்கு நானே சொல்லி வைத்திருந்தேன். வேறுதான். ஆனால் இரண்டிலும் இருப்பது ஒரே ஆல்கஹால். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று 2023 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனம் சொன்னபோது விலை உயர்ந்த பாட்டிலுக்கு விதிவிலக்கு தரவில்லை. அந்த அறையில் நல்ல மூக்கு அண்ணனுடையது. நான் மோந்ததையும் மோந்து, நான் வெட்டியதையும் மோந்துவிட்டார்.

அதற்காக ரசனையே போலி என்று எழுதிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. பெரியப்பாவைக் கொன்றதில் ருசியில்லாத அவசரத்துக்கும் பங்கு உண்டு என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். நிதானம் அவரைக் காப்பாற்றியிருக்கும் என்று சத்தியம் செய்யமாட்டேன். ரசித்து ரசித்துக் குடித்தே அழிந்தவர்களும் நம் இலக்கியப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். 

ஆகவே என் பரிந்துரையைத் திருத்தி எழுதுகிறேன். நீங்கள் குடிக்காதவர் என்றால் இந்தக் கட்டுரைக்காகத் தொடங்க வேண்டாம். கிராம்பும் கருப்பட்டியும் தனியாகவே நன்றாக இருக்கும். குடிப்பவர் என்றால், மாதம் பத்து மோசமான பாட்டிலுக்குப் பதில் வருஷத்துக்கு ஒரு நல்ல பாட்டில். ஃப்யூஷன் நல்ல விஸ்கி. 97 என்பது கொஞ்சம் தாராளம், ஆனால் கருப்பட்டியில் தொடங்கிப் புகையில் முடிகிற அதன் கட்டுமானத்தில் குறை சொல்ல முடியாது. 30 மில்லி ஊற்றுங்கள். ஒரு ஸ்பூன் தண்ணீர். அருவியில் குளித்து முடித்த பிறகு, சாப்பிட்ட பிறகு, அறையில் உட்கார்ந்து. குடித்துவிட்டு அருவிக்குப் போகாதீர்கள். பக்கத்தில் குடிக்காத ஒருவர் இருக்கட்டும். உங்கள் வீட்டுக் கதை தெரிந்தவராக இருந்தால் இன்னும் நல்லது. கிளாஸை முதலில் அவரிடம் மோந்து பார்க்கக் கொடுங்கள். அவர் சொல்வதையும் உங்கள் குறிப்பில் சேர்த்து எழுதுங்கள்.

அன்றைக்கு நான் இரண்டாவது ஊற்றிக்கொள்ளவில்லை. அண்ணன் சுக்குக் காபியில் பாதியை என் கிளாஸில் ஊற்றினார். கழுவாத கிளாஸ். காபியிலும் கொஞ்சம் புகை இருந்தது.