ஐந்நூறு ஆண்டு, எட்டு ஆண்டு

'இயற்கைப் பேரிடர்' என்ற சொல்லை யோசிக்காமல் எழுதி வந்தவன் நான். மானுடவியலாளர் அந்தோனி ஆலிவர்-ஸ்மித்தின் 'பெருவின் ஐந்நூறு ஆண்டு நிலநடுக்கம்' கட்டுரையைப் படித்த பிறகு கை கொஞ்சம் தயங்குகிறது.

1970 மே 31, ஞாயிறு பிற்பகல். பெருவின் கரைக்கு அப்பால் நில அதிர்வு. ஏறத்தாழ 70,000 பேர் செத்தார்கள். ஹுவாஸ்கரான் சிகரத்திலிருந்து பெயர்ந்த பனியும் பாறையும் சில நிமிடங்களில் யுங்காய் நகரத்தை மூடிவிட்டன. கல்லறை மேட்டுக்கு ஓடியவர்கள், சர்க்கஸ் பார்க்கப் போயிருந்த பிள்ளைகள் என்று சில நூறு பேர்தான் மிஞ்சினார்கள்.

அந்த மலையில் நிலம் எப்போதும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, ஸ்பானியர் வந்தபின் மாறியது வாழ்ந்த விதம் என்கிறார் ஆலிவர்-ஸ்மித். முன்பு சிதறிய குடியிருப்புகள், லேசான கூரை வேய்ந்த வீடுகள், பஞ்சத்துக்கென்று நிரப்பி வைத்த களஞ்சியங்கள். பிறகு வந்தவை ஒரே இடத்தில் நெருக்கிய ஊர்கள், ஒடுங்கிய தெருக்கள், உயர்ந்த மண்சுவர், அதன்மேல் கனத்த ஓடு. வீட்டைவிட்டு ஓடிவந்தவன் தலையில் எதிர்வீட்டுச் சுவர் விழுந்தது.

ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மனக்குறை இருக்கிறது. 1962 ஜனவரியில் இதே சிகரத்திலிருந்து சரிந்த பனி பக்கத்து ரன்ராஹிர்காவை அழித்தது, ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். இடையில் நின்ற மேடு யுங்காயைக் காப்பாற்றியது. எட்டே ஆண்டில் சரிவு அந்த மேட்டையே தாண்டி வந்தது. ஐந்நூறு ஆண்டுக் கணக்கில் இந்த எட்டு ஆண்டு சில்லறையாகிவிடுகிறது. பழியைக் காலனியத்தின் தலையில் போட்டுவிட்டால் 1962க்குப் பிறகு பதவியில் இருந்தவர்களை யார் கேட்பது?

அதனால்தான் எனக்கு அவருடைய 1986 நூல், 'தியாக நகரம்' என்று தமிழில் சொல்லலாம், இன்னும் பிடித்திருக்கிறது. அதில் அவர் தப்பியவர்களோடு உட்கார்ந்து கேட்கிறார். பாதுகாப்பான வேறிடத்துக்கு ஊரை மாற்ற அரசு சொன்னது, அவர்கள் மறுத்தார்கள். அறியாமை என்று தள்ளிவிடுவது சுலபம். செத்தவர்கள் அங்கே மண்ணுக்குள் கிடந்தார்கள். மலையிலிருந்து சந்தைக்கு இறங்கிவரும் விவசாயிகளை நம்பித்தான் நகரத்தார் பிழைப்பும். பழைய ஊருக்குப் பக்கத்திலேயே புதிய யுங்காய் எழுந்தது.

அந்த மக்களை அவர் புனிதர்களாகவும் ஆக்கவில்லை. முதல் சில நாள் நகரத்தாரும் மலைவாசிகளும் ஒன்றாகச் சமைத்துத் தின்றார்கள். நிவாரணப் பொருள்கள் வந்திறங்கியதும், அவனுக்கும் எனக்கும் ஒரே பங்கா என்று நகரத்தார் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எழுந்துபோனது அந்தப் பக்கத்தில்தான்.