ஜூ ஜியான்அரின் பத்து சிம்பொனிகள்: எங்கிருந்து தொடங்குவது?

தன் முதல் சிம்பொனியை எழுதி முடித்தபோது ஜூ ஜியான்அருக்கு அறுபது வயது கடந்திருந்தது. 1986இல் முடிந்தது அது. அதன்பின் 1999க்குள் இன்னும் ஒன்பது எழுதினார். வாத்தியச் சேர்க்கை படைப்புக்குப் படைப்பு மாறும். நான்காவதில் ஒரு மூங்கில் குழலும் 22 தந்தி வாத்தியங்களும்தான். ஏழாவதில் தாளவாத்தியங்கள் மட்டும். எட்டாவதில் ஒரு செல்லோவும் தாளமும். சிம்பொனி என்றாலே மேடை கொள்ளாத கூட்டம் என்று நினைத்துப் போகிறவர்கள் திகைத்துப்போவார்கள். அதனால் எண் வரிசைப்படி கேட்க வேண்டாம் என்பேன்.

முதலில் ஆளைக் கொஞ்சம் தெரிந்துகொள்வோம். 1922இல் தியான்ஜினில் பிறந்து ஷாங்காயில் வளர்ந்தவர். சீன தேசிய கீதத்துக்கு மெட்டமைத்த நியெ அர் மீது அவ்வளவு மதிப்பு. அவர் வழியில் நடக்க விரும்பித் தன் பெயரையே மாற்றிக்கொண்டார். 1945இல் கம்யூனிஸ்ட் படையின் கலைக்குழுவில் சேர்ந்தார். 1955 முதல் 1960 வரை மாஸ்கோ கன்சர்வேட்டரியில் படித்தார். 1963இல் அவர் மெட்டமைத்த ஒரு பாட்டு, கட்சியைத் தாயாகப் போற்றுவது, திபெத்தியப் பாடகி செட்டென் டோல்மாவின் குரலில் சீனா முழுவதும் ஒலித்தது. இன்றும் அங்கே பலருக்கு ஜூ என்றால் அந்தப் பாட்டுதான். மூன்றே ஆண்டுகளில் கலாசாரப் புரட்சி வந்தது, பத்தாண்டு நீடித்தது. அது ஓய்ந்த பிறகு, மற்றவர்கள் ஓய்வுபெறும் வயதில், புதிய இசை உத்திகளை மாணவனைப் போல மறுபடி கற்றார். மலைநாட்டு மக்களின் இசையைத் தேடிக் குய்ஜோவுக்கும் யுன்னானுக்கும் போனார். அவருடைய சிம்பொனிகள் பிறந்தது இந்த இரண்டும் சேர்ந்த இடத்தில்தான்.

அதனால் சிம்பொனிக்கு முன்னால் 1982இல் எழுதிய ‘குய்ஜோ மலைச் சித்திரங்கள்’ தொகுப்பைக் கேளுங்கள். சிறு சிறு பகுதிகள் நான்கு. முதல் பகுதி லூஷெங் போட்டி. லூஷெங் என்பது மியாவ் மக்கள் ஊதும் வாத்தியம், மூங்கில் குழாய்களைச் சேர்த்துச் செய்தது. திருவிழாவில் பல குழுக்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்று, தங்கள் தங்கள் சுருதியில், விட்டுக்கொடுக்காமல் ஊதும். ஜூ அந்தச் சுருதி மோதலைச் சரிசெய்யவில்லை, அப்படியே ஆர்கெஸ்ட்ராவில் ஏற்றிவிட்டார். முதல்முறை கேட்கும்போது அபசுரம் போல இருக்கும். இரண்டாம் முறை ஒரு குழுவை மட்டும் பிடித்துக்கொண்டு அதன் பின்னாலேயே போங்கள். மற்றவை தாமாகவே தனித்தனியாகப் பிரிந்து கேட்கத் தொடங்கும். அவருடைய எந்தப் படைப்புக்கும் இதுவே வழி: கூட்டத்துக்குள் ஒரு குரலைப் பிடியுங்கள், விடாதீர்கள்.

அடுத்து நேராகப் பத்தாவதுக்குப் போகலாம். 1998இல் எழுதியது. தாங் காலக் கவிஞர் லியூ சோங்யுவானின் இருபதே எழுத்துள்ள கவிதை இதற்கு அடிப்படை: பனி மூடிய மலைகள், ஆளரவமற்ற வழிகள், ஆற்றில் தனியே தூண்டில் போடும் கிழவர். இதில் ஆர்கெஸ்ட்ராவோடு மனிதக் குரலும் குச்சினும் சேர்கின்றன. குச்சின் ஏழு தந்திகள் கொண்ட பழமையான வாத்தியம். ஒலி மிகச் சன்னம். வலக்கை மீட்டியபின் இடக்கை விரல் தந்தியில் வழுக்கிக்கொண்டே போகும். சத்தம் அடங்கிய பிறகும் விரல் உரசுவது கேட்கும். கமகத்துக்குப் பழகிய காதுக்கு இந்த இடம் உடனே பிடிபடும். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். ஃபோன் ஸ்பீக்கரில் பாதி காணாமல் போய்விடும். குரலோ பேச்சாகவும் ஓதுதலாகவும் பாட்டாகவும் மாறிக்கொண்டிருக்கும், பீக்கிங் ஆபராவின் கம்பீரத்தோடு. சொல் புரியாதது ஒரு குறையே இல்லை. பின்னால் ஆர்கெஸ்ட்ரா எவ்வளவு பொங்கினாலும் அந்தக் குரல் அசைந்துகொடுக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

நான்காவதை (1990) ஒருமுறை குழலின் நிறத்துக்காகவே கேட்கலாம். சீனக் குழலில் ஒரு துளையின் மேல் நாணலின் மெல்லிய உட்தோல் ஒட்டியிருக்கும். அது அதிர்வதால்தான் அந்த ரீங்காரம். ஐரோப்பியப் புல்லாங்குழலில் இது கிடையாது. சுவிட்சர்லாந்தில் பரிசு பெற்ற படைப்பு இது.

இனி இரண்டாவது, 1987. இதில் தச்சர் கைவாளின் வடிவத்திலேயே ஒரு வாத்தியம் வருகிறது. முழங்கால்களுக்கிடையே பிடித்து வளைத்து, வயலின் வில்லால் விளிம்பைத் தேய்த்து வாசிப்பது. வளைக்க வளைக்கச் சுருதி ஏறும். ஒப்பாரியா, காற்றா என்று சட்டெனச் சொல்ல முடியாத ஒலி. பல மேடைகளில் இதை வேடிக்கைக்காக வாசிப்பார்கள். ஜூ அதைத் துக்கத்தின் குரலாக்கினார். இவ்வளவு நேர்மையான துக்கத்தை இருபதாம் நூற்றாண்டு இசையில் நான் அதிகம் கேட்டதில்லை.

கடைசியாக முதலாவது. கலாசாரப் புரட்சியைப் பற்றியது. நான்கு பகுதிகளுக்கும் தலைப்பாகச் சொற்கள் இல்லை, நிறுத்தற்குறிகள்தான்: ‘?’, ‘?!’, ‘……’, ‘!’. முதல் பகுதி கேள்வி கேட்கிறது. இரண்டாவது ஒரு கோணல் ஆட்டம். நாடே பைத்தியம் பிடித்து அணிவகுத்த காலத்தின் கேலிச்சித்திரம். மூன்றாவது புலம்பல், மெதுவாக, மிகமெதுவாக. எழுத நினைத்துப் பத்தாண்டு மனதில் சுமந்த படைப்பு. ஏன் அவ்வளவு காலம் பிடித்தது என்பது இந்த மூன்றாம் பகுதியில்தான் எனக்குப் புரிந்தது. நான்காவதின் ஆச்சரியக்குறியை வெற்றி முழக்கம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பித்தளை ஊதுகுழல்கள் உரத்து எழும்போதும் அடியில் முதல் பகுதியின் கேள்வி ஓய்ந்துவிட்டதா என்று காதைத் தீட்டிக் கேளுங்கள். ஓயவில்லை என்பது என் தீர்ப்பு. உங்களுக்கு வேறாகவும் படலாம். அதற்குப் பிறகு 1963இன் அந்தப் பாட்டைத் தேடி ஒருமுறை கேட்டுவிட்டு, மறுபடி ‘?’ பகுதிக்கு வாருங்கள்.